சார் பக்கம் திரும்பியிருந்த கண்ணாடி

ஆழ்வார்குறிச்சியை விட்டுப் புறப்பட்டு இரண்டு மணி நேரம் நடந்திருப்பேன். பாப்பாக்குடிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து வந்த ஒரு வெள்ளைக் காரின் இடப்பக்கக் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது.

அதுவரை நடை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். அன்று காலை ஆலையின் மோட்டார் எரிந்துபோனது. பத்து நாள் கழித்து வா என்றார் ஆலைக்காரர். பத்து நாள் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருந்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு போர்வை எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். திருநெல்வேலியில் ஏதாவது கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் சுமக்கப் போகலாம். பேருந்து வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நின்று காத்திருப்பதைவிட நடப்பது எனக்குச் சுலபம்.

சாலையில் நடப்பவன் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடக்க வேண்டும். லாரியில் கிளீனராக இருந்த காலத்தில், இடப்பக்கமாக நடந்தவர்களைத் தலையை நீட்டி எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் அன்று நிழல் இடப்பக்கம்தான் இருந்தது. நானும் நிழலில்தான் நடந்தேன்.

இடி பலமாக இல்லை. கை தோள்வரை மரத்துப்போனது, அவ்வளவுதான். கண்ணாடியின் கூடு மடங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. மடங்கிய வேகத்தில் உள்ளே இருந்த கண்ணாடி மட்டும் கழன்று தாரில் விழுந்தது. உடையவில்லையே என்று சந்தோஷப்பட்டு எடுக்கக் குனிந்தேன். அதற்குள் பின்னால் வந்த ஒரு பைக் அதன்மேல் ஏறிப் போய்விட்டது.

கார் இருபதடி தள்ளி நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து இறங்கியவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பட்டுச்சேலை, காலில் ஓடுவதற்குப் போடுகிற ஷூ. நேராக என்னிடம் வந்தார்.

"கையை மடக்குங்க தம்பி. நீட்டுங்க. விரலை ஆட்டுங்க பாப்போம்."

"ஆடுது டீச்சர்."

அவர் டீச்சர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது? அவரும் ஆச்சரியப்படவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது.

என் கை முறியவில்லை என்று தெரிந்ததும் காரைப் பார்த்துத் திரும்பினார். இடப்பக்கத்துக் கதவிலிருந்து அவருடைய கணவர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். அவரை நான் சார் என்று கூப்பிட்டேன்.

"ஏங்க, தூங்கிட்டீயளா?"

"தூங்கலயே. கண்ணைத்தான் மூடியிருந்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா எப்படிப் பாப்பீய? இடது பக்கம் உங்க வேலைலா?"

"பந்தியில பாயசத்தை ரெண்டு தடவை ஊத்திட்டான். நான் என்ன செய்ய?"

ஆழ்வார்குறிச்சியில் ஒரு உறவினரின் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டு இருவரும் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்திருக்கிறது. டீச்சர் வழிவிட இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். இடப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய சார் பாயச மயக்கத்தில் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் டீச்சர். வேண்டாம் என்றேன். என் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. அது பழைய லாரி ஒன்றின் கண்ணாடி போட்டது. அந்த வண்டிகளில் கண்ணாடியை இரும்புக் கம்பியில் முறுக்கி வைத்திருப்பார்கள். அது மடங்காது. மனிதன்தான் மடங்க வேண்டும். இந்தக் காரில் கூட்டுக்குள் ஸ்பிரிங் இருந்தது. இடித்தால் தானே மடங்கிக்கொள்ளும்படி யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். அழகுக்கு மடங்குகிறது, சந்துக்குள் போக மடங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது என் முழங்கைக்காகவும் மடங்குகிறது.

கூட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டேன். உள்ளே வெறும் பிளாஸ்டிக் தட்டு இருந்தது.

"டீச்சர், இனி இடப்பக்கம் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பாத்து ஓட்டணும்."

"எனக்கு முன்னயும் தெரியாது தம்பி. அது சாருக்குள்ள கண்ணாடி."

எனக்கு விளங்கவில்லை. டீச்சர் சாதாரணமாக விளக்கினார். வலப்பக்கக் கண்ணாடியும் நடுவில் இருக்கிற கண்ணாடியும் அவருக்கு. இடப்பக்கக் கண்ணாடி சாருக்கு. சார் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் பின்னால் வருவது தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். சார் அதைப் பார்த்து "சைக்கிள் வருது", "ஆடு வருது", "போலாம்" என்று சொல்வார். டீச்சர் அதைக் கேட்டு ஓட்டுவார். கார் வாங்கிய நாளிலிருந்து, மூன்று வருடமாக இப்படி.

"அவ இடத்துல இருந்து பாத்தா அதுல வயக்காடும் பனைமரமும்தான் தெரியும்" என்றார் சார் பெருமையாக. "எனக்கு ரோடு பூரா தெரியும்."

"உங்க பக்கம் திருப்பினா அவங்களுக்கு வயக்காடுதான் தெரியும் சார்."

"அதத்தானே நானும் சொல்லுதேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், இது கிளீனர் வேலை. நான் போர்வெல் லாரியில அஞ்சாறு வருசம் பாத்த வேலை. அந்த வண்டியில இடது கண்ணாடியே கிடையாது. நான்தான் கண்ணாடி. கதவை ஒரு தட்டு தட்டினா நிக்கணும், ரெண்டு தட்டினா போவணும்."

"கிளீனர் தூங்கிட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"டிரைவர் வண்டியை நிறுத்தி மூஞ்சில தண்ணி ஊத்துவாரு."

டீச்சர் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். சார் போய்ப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

என்னை முன்னால் உட்காரச் சொன்னார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று டீச்சர் கேட்டார். பிளாஸ்டிக் உறையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். சார் அதைப் பின்னாலிருந்து வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "லாரி ஓட்டவே லைசென்ஸ் இருக்கு. ஆனா இந்தப் போட்டோல வழிப்பறிக்காரன் மாதிரி இருக்கீரே வே" என்றார். எடுத்த அன்று எனக்குக் காய்ச்சல் என்றேன். டீச்சர் சாவியை என்னிடம் தரவில்லை. "நான்தான் ஓட்டுவேன். நீங்க இடது பக்கத்தை மட்டும் சொல்லுங்க" என்றார்.

முக்கூடல் தாண்டும்வரை நான் சொன்னேன், அவர் ஓட்டினார். நல்ல ஓட்டம். கியர் மாறுவதே தெரியாமல் மாற்றினார். பள்ளத்தைப் பார்த்தால் பைய இறக்கினார். முன்னால் இருப்பதை எல்லாம் அவர் சரியாகப் பார்த்தார். இடப்பக்கப் பின்புறம் ஒன்றுதான் அவருக்கு இல்லாத ஊராக இருந்தது.

போகும் வழியில் அவருடைய கவலையைச் சொன்னார். மறுநாள் காலை ரயிலில் மகன் சென்னையிலிருந்து வருகிறான். காரில் ஏற்கெனவே இரண்டு காயங்கள். ஒன்று வீட்டு வாசல் தூண், இன்னொன்று பால்காரரின் சைக்கிள். இரண்டும் இடப்பக்கம். இன்னொரு தடவை எங்கேயாவது இடித்தால் காரை விற்றுவிடுவேன் என்று போனில் சொல்லியிருக்கிறான்.

"வித்தா விக்கட்டும்னு சொல்லலாம். ஆனா ஸ்ரீவைகுண்டத்துல எங்க அக்கா இருக்கா. கண்ணு ரெண்டும் போயிட்டு. செவ்வாயும் வெள்ளியும் நான் போயிப் பேப்பர் வாசிக்கணும். பஸ்ல ஏறி இறங்க என் முழங்காலுக்கு முடியாது. கார் இல்லன்னா அக்கா இல்ல, அவ்வளவுதான்."

"பேப்பர்ல என்ன வாசிப்பீங்க டீச்சர்?"

"கொலை. அவளுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அரசியலை எடுத்தா 'அதைத் தள்ளு'ம்பா."

மறுநாள் செவ்வாய்க்கிழமை.

பேட்டைக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். சாலையோரத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருந்தது. கண்ணாடியும் வெட்டிக் கொடுப்பார்கள். டீச்சர் அங்கே நிறுத்தினார். கடைக்காரர் கூட்டின் அளவைக் காகிதத்தில் வரைந்து எடுத்து, பீரோவுக்கு வைக்கிற கண்ணாடித் துண்டு ஒன்றைப் பத்து நிமிடத்தில் அதே அளவுக்கு வெட்டினார். ஓரத்தைத் தேய்த்து, இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டு, கூட்டுக்குள் அழுத்தினார்.

"முகத்தைப் பாருங்க டீச்சர். பழசுல இப்படித் தெரியுமா?"

தெளிவாகத்தான் இருந்தது. சார் குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். டீச்சருக்குப் பெரிய நிம்மதி. நான்தான் கெடுத்தேன்.

"டீச்சர், உள்ள உக்காருங்க. இதை உங்களுக்குத் தெரியுற மாதிரி திருப்பிக்கிடுங்க."

"அப்ப சாருக்கு?"

"சார் ஜன்னல் வழியா மரம் மட்டை பாக்கட்டும்."

அவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். நான் காருக்குப் பின்னால் போய் இடப்பக்கமாக மெதுவாக நடந்து வந்தேன்.

"தெரியுதேனா?"

"தெரியுதீங்க."

இரண்டு எட்டு வைத்தேன். "இப்ப?"

"எங்கன போயிட்டீங்க?"

நான் பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி, கையை நீட்டினால் கார் படுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பைக் வந்தால் அங்கேதான் வரும். பைக் முந்தி வந்து முன்கதவைத் தொடும்வரை டீச்சருக்கு அது தெரியாது.

கடைக்காரருக்குக் கோபம். "கழுத்தைத் திருப்பிப் பாக்கணும் வே. கண்ணாடி என்ன சினிமாக் கொட்டாயா, எல்லாத்தையும் காட்ட?"

"அண்ணாச்சி, கார்ல வந்த கண்ணாடி நடுவுல லேசா புடைச்சு இருக்கும். அது இதைவிட ரெண்டு மடங்கு இடத்தைக் காட்டும்."

"புடைச்ச கண்ணாடி பொய் சொல்லும். பக்கத்துல வாரவனைத் தூரத்துல காட்டும், சின்னதாக் காட்டும். நம்ம கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டுதுல்லா?"

"சின்னதாக் காட்டினாலும் அவன் வாரான்னு காட்டுதுல்லா. உங்க கண்ணாடியில அவன் வரவே இல்லையே."

கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. இரண்டையும் வைத்து ஓட்டியவன் என்பதால் எனக்குத் தெரியும். தட்டையான கண்ணாடியில் தூரம் சரியாக இருக்கும், ஆனால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். புடைத்த கண்ணாடியில் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் எல்லோரும் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருப்பார்கள். அது தெரிந்து ஓட்டினால் போதும். வலப்பக்கத்தில் ஓட்டுநர் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் சமாளிக்கலாம். இடப்பக்கக் கண்ணாடி ஒரு கார் அகலம் தள்ளி இருக்கிறது. அங்கே தட்டைக் கண்ணாடி வைப்பது சாவித் துவாரம் வழியே ரோட்டைப் பார்ப்பது மாதிரி.

டீச்சர் காரிலிருந்து பால்காய்ப்பு வீட்டுச் சாம்பார் இருந்த தூக்குச்சட்டியை எடுத்தார். பளபளப்பாக இருந்த அதன் புடைத்த பக்கத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். முழுத் தெருவும் அதில் தெரிந்தது. சட்டக் கடை, டீக்கடை, மாடு, நான், மின்கம்பம் எல்லாம். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துச் சட்டி ஆடிச் சாம்பார் சிந்தியது.

"குவி ஆடி! 'வாகனங்களில் பின்னோக்குக் கண்ணாடியாகப் பயன்படுவது குவி ஆடி.' எத்தனை வருசம் சொல்லிக் குடுத்திருப்பேன். எழுதாதவனுக்கு மார்க்கு போட மாட்டேன். என் சொந்தக் கார்ல அதை வயக்காட்டைப் பாக்க வச்சிருக்கேன், கேட்டியளா?"

"நான் உனக்காகத்தானே பாத்தேன்" என்றார் சார்.

"நீங்க பாயசத்தைப் பாத்தீய."

சட்டக் கடைக்காரரும் சிரித்துவிட்டார். ஊர்க்கோடியில் பழைய வண்டிகளை உடைத்து உதிரிப்பாகம் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று அவரே வழி சொன்னார்.

அந்த இடம் முழுக்கச் செத்த வண்டிகள். நடுவில் ஒரு சிமெண்டுத் தளம், அதன் ஓரத்தில் கண்ணாடிகளுக்கென்றே ஒரு குவியல். அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு ஜீப்பின் அடியிலிருந்து வெளியே வந்தார்.

"எந்த மாடல்? இடதா வலதா?"

"இடது."

"எல்லாரும் இடதுதான் கேக்காங்க. வலது மலை மாதிரி கிடக்கு, ஓசிக்குக் குடுத்தாலும் ஆளில்ல. ஊருல எல்லாவனுக்கும் இடது பக்கம்தான் கண்ணு கிடையாது."

நான் அந்தக் குவியலைக் கிளறினேன். எத்தனை விதமான கண்ணாடிகள்! பழைய கார்களுடையது சிலேட்டு மாதிரி சதுரமாக, அழகில்லாமல், ஆனால் நிறையக் காட்டுவதாக இருந்தது. சில புதுக் கார்களுடையது மீன் மாதிரி ஒல்லியாக வளைந்திருந்தது. பார்க்க அழகு; அதில் பார்க்கத்தான் இடமில்லை. இன்னொரு மாடலில் கூடு ஒரு தேங்காய் பருமனுக்கு இருந்தது. அந்த மாதிரி வண்டியை ராதாபுரம் பக்கம் காற்றாலைக்காரர்களுக்காக நான் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறேன். முக்கில் திரும்பும்போது ரோட்டைக் கடக்கிற ஆள் அந்தக் கூட்டுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடுவார். பின்னால் வருபவனைக் காட்டச் செய்த சாமான், முன்னால் போகிறவனை மறைத்தது. இருக்கையில் எம்பி எம்பிப் பார்த்து ஓட்டுவேன். கூட வருபவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார்கள்.

டீச்சருடைய காரின் கண்ணாடி அடியில் கிடந்தது. அதே மாடல், அதே வளைவு. கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. வலப்பக்கக் கண்ணாடியோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

"வேற இல்லையா?" என்றார் டீச்சர்.

"இருக்கு. இன்னும் நாலு நாள் கழிச்சு வரும்" என்றார் அண்ணாச்சி.

பீரோக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டினேன். வலப்பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போனபோதுதான் கவனித்தேன். அதன் நடுவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, ஒரு பெரிய பொட்டாக ஒட்டியிருந்தது. சரியாக முந்தி வருகிற வண்டி தெரிய வேண்டிய இடம்.

"அதைச் சுரண்டாதீங்க வே, நான் வச்சது" என்றார் சார்.

"சார், இதைக் கூட்டுக்கு வெளிப்பக்கம் வச்சாலும் சாமிக்குத் தெரியும். இங்கன வச்சா டீச்சருக்குத் தெரியாது."

சார் யோசித்தார். பிறகு தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து அவரே துடைத்தார். வெளிப்பக்கம் வைக்கக் குங்குமம் தேடி டீச்சரின் கைப்பையைத் திறந்தார். குங்குமம் இல்லை. ஒரு சாக்பீஸ் பெட்டி இருந்தது.

"ரிட்டயர் ஆகியும் இதை எதுக்குச் சுமக்கே?" என்றார் சார்.

"இன்னைக்கு மாதிரி ஒரு நாளுக்குத்தான்" என்றார் டீச்சர்.

சிமெண்டுத் தளத்தில் காரை நிறுத்தினோம். டீச்சர் உள்ளே உட்கார்ந்து இரண்டு கண்ணாடிகளையும் தனக்குத் திருப்பிக்கொண்டார். கார் கதவு ஓரத்தில் ஒரு நூல் அளவு தெரிந்தால் போதும், மீதி ரோடு தெரிய வேண்டும் என்றேன். சார்தான் பைக். இரண்டு கையையும் முன்னே நீட்டி, "டுர்ர்ர்" என்று வாயால் ஓட்டிக்கொண்டு பின்னாலிருந்து வந்தார். "தெரியல!" என்று டீச்சர் கத்தும் இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். "தெரியுது!" என்றதும் இன்னொரு கோடு. அண்ணாச்சி வேலையை விட்டுவிட்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்து பார்த்தார்.

"சார் வண்டி நல்லா ஓடுதே. எத்தனை மைலேஜ்?"

"பாயசம் ஊத்தினா ஓடும்" என்று காருக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஏழெட்டுத் தடவை ஓடியபின் சார் மூச்சு வாங்க நின்றார். டீச்சர் இறங்கி வந்து கோடுகளைப் பார்த்தார். சரியான கண்ணாடி, சரியான திருப்பம், அப்படியும் பின்கதவை ஒட்டி ஒரு கட்டம் தெரியாமலே இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் சாரும் நானும் அண்ணாச்சியும் சேர்ந்து நின்று பார்த்தோம். இடம் மிச்சமிருந்தது.

"இது எந்தக் கண்ணாடியிலயும் வராதா?" என்றார் டீச்சர்.

"வராது டீச்சர். இதுக்குக் கழுத்துதான். ஒதுங்கதுக்கு முன்ன ஒரு வெட்டு திரும்பிப் பாத்துரணும். சட்டக் கடை அண்ணாச்சி சொன்னது அதுல சரிதான்."

அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து, கண்ணாடி, கழுத்து, கண்ணாடி, கழுத்து என்று பத்து முறை செய்தார். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் வாய்பாடு சொல்கிற மாதிரி இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் என்னை ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டில் படுக்கலாம் என்று வற்புறுத்தினார்கள். நான் போகவில்லை. அந்தப் பேருந்து நிலையத்து பெஞ்சில் எத்தனையோ முறை படுத்திருக்கிறேன். எந்தப் பக்கம் கொசு குறைவு என்று எனக்குத் தெரியும். சாம்பாரும் சோறும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்கள், தின்றுவிட்டுத் தூங்கினேன். போகும்போது டீச்சர் ஒன்று சொல்லியிருந்தார். "காலையில ரயில் வாரப்ப வாங்க தம்பி. அவன் முன்னால ஓட்டணும். நீங்க பின்சீட்ல இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

காலையில் மூவரும் ரயில் நிலைய வாசலில் நின்றோம். கண்ணாடியைப் பற்றி மகனிடம் மூச்சு விடக்கூடாது என்று சார் என்னிடம் இரண்டு முறை சொன்னார். மகன் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் பை, கண்ணில் ரயில் தூக்கம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு சிரிப்பு. பிறகு நேராகக் காரைச் சுற்றி ஒரு நடை. தூண் காயம், சைக்கிள் காயம், அதன்பின் இடப்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னார். "நேத்து இந்தத் தம்பி கையில இடிச்சேன். கண்ணாடி உடைஞ்சு போச்சு. மாத்தினேன்."

சார் வானத்தைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் கையை மடக்கி நீட்டிக் காட்டினேன்.

"அம்மா, ஆளையே இடிச்சாச்சா?" அவர் சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரல். "நீங்க வண்டியை எடுத்தீங்கன்னு தெரிஞ்சா எனக்கு அங்க வேலையே ஓடல. போதும். சாவியக் குடுங்க."

"வீட்டுக்குப் போயித் தாரேன்" என்றார் டீச்சர். "நீ முன்னால இரி."

மகன் இடப்பக்கம் உட்கார்ந்தார். நானும் சாரும் பின்னால். ஜங்ஷனிலிருந்து டவுனுக்குப் போகும் மேம்பாலத்தில் ஏறினோம். இறக்கத்தில் முன்னால் நடுரோட்டில் நின்ற ஆட்டோவிலிருந்து ஆள் இறங்கவே, டீச்சர் வேகத்தைக் குறைத்தார்; பின்னால் ஒரு பேருந்து நேற்று மாதிரியே ஹாரன் அடித்தது. டீச்சர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். சார் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். நான் அவர் தொடையை அழுத்தினேன்.

டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தை ஒரு வெட்டு திருப்பினார். ஒதுங்கவில்லை. பிரேக்கில் காலை வைத்து நின்றார். அடுத்த நொடி, இருபக்கமும் கேன் கட்டிய ஒரு பால்காரர் பைக் இடப்பக்கச் சந்துக்குள் நுழைந்து, மகனுடைய ஜன்னலை உரசுகிற மாதிரி போனது.

"அம்மா, பாத்து!" என்று மகன் கத்தியபோது பைக் போய்விட்டிருந்தது.

"அவனை நான் அப்பமே பாத்துட்டேன்" என்றார் டீச்சர். "நீதான் இப்பம் பாக்க."

பேருந்து இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் மறுபடி பார்த்து, திரும்பி, பைய ஒதுங்கி வழிவிட்டார். மகன் வீடு வரும்வரை இடப்பக்கக் கண்ணாடியையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் இட்லி. சாவியை டீச்சர் சாப்பாட்டு மேஜைமேல் மகனுக்கு முன்னால் வைத்தார். மகன் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அம்மாவுக்குக் கண்ணாடி, வளைவு எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம். நீங்களே டிரைவரா இருந்துருங்களேன். இங்கயே மாடியில ரூம் இருக்கு, சாப்பாடு இருக்கு. அம்மா பின்னால உக்காந்து வரட்டும். எனக்கும் நிம்மதி."

நல்ல வேலை. மாடியில் அறை, மூன்று வேளை சாப்பாடு, வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவைகுண்டம், ஆற்றோரம் நிழல். அரிசி மூட்டையை நினைத்தேன். தோள் இன்னும் காந்திக்கொண்டிருந்தது. டீச்சர் இட்லித் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைத்தான் பார்த்தார்.

"எனக்கு லைசென்ஸ் கிடையாதுங்க" என்றேன்.

"என்ன வே, நேத்து அந்த வழிப்பறி—" என்று சார் ஆரம்பித்தார். டீச்சர் அவர் தட்டில் இரண்டு இட்லியை வைத்து, அதன்மேல் சட்னியை ஊற்றி, "சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்றார். சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு இட்லியைப் பார்த்தார்.

"அப்ப வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார் மகன். சாவியை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "நல்ல டிரைவர் கிடைக்கிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. இன்னைக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு நானும் வரேன். பெரியம்மாவைப் பாத்து நாளாச்சு."

"வா. பேப்பரை நீ வாசி. ஆனா அரசியல் வாசிக்காத" என்றார் டீச்சர். அதற்குள் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பேட்டை உதிரிப்பாகக் கடையில் வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அங்கே இறக்கிவிடுவதாக டீச்சர் சொன்னார். வேண்டாம், ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்த்திசை, நான் நடந்துகொள்கிறேன் என்றேன். வாசலில் என் பையைக் கையில் கொடுக்கும்போது, "பொய்க்கு நான் மார்க்கு போட மாட்டேன் தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். மார்க்கு வேண்டாம், இட்லி போதும் என்றேன். இந்த முறை சாலையின் வலப்பக்கமாக நடந்தேன். வெயில் நேராக முதுகில் அடித்தது.

உதிரிப்பாகக் கடை அண்ணாச்சி அப்போதுதான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"வேலை இருக்கா அண்ணாச்சி?"

"கழட்டத் தெரியுமா?"

"மாட்டத் தெரியும். கழட்டுறது அதைத் திருப்பிச் செய்யதுதானே."

"வாய் இருக்கு. ராத்திரி படுக்க அந்த வேன் இருக்கு, சீட்டு நல்லா இருக்கும். எண்ணெய்க் கறை போவாது, அதுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றேன். முன்னால் நசுங்கிப்போன ஒரு மினி பஸ்ஸிடம் என்னைக் கூட்டிப்போய், கையில் ஒரு ஸ்பேனரைத் தந்தார். சுத்தியல் எடுப்பதற்கு முன்னால் உடையக்கூடியதை எல்லாம் கழற்றிவிட வேண்டும், அதுதான் இந்தத் தொழிலில் முதல் ஒழுங்கு என்றார். நான் பையை வேனுக்குள் எறிந்துவிட்டு, இடப்பக்கக் கண்ணாடியின் முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். துருப்பிடித்திருந்தது, லேசில் அசையவில்லை.